போனில் இல்லாதது கூகுளிலும் இல்லை: வெப்சைட் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிறு கடைகள், கல்யாண மண்டபங்கள், ஒன்றிரண்டு சிற்றிதழ்கள் என்று பிறருக்கு வெப்சைட் செய்துகொடுத்துப் பிழைப்பவன் நான். "முன்னாடி கூகுள்ல முதல் பக்கத்துல வந்துக்கிட்டிருந்தோம் சார், இப்ப தேடினாலும் காணோம்" என்று ஆரம்பிக்கும் அழைப்புகள் மாதத்துக்குக் குறைந்தது இரண்டு வரும். பேசிக்கொண்டே அவர்கள் தளத்தை என் போனில் திறப்பேன். பல நேரம் விடை அங்கேயே கிடைத்துவிடும். சொன்னதையே சொல்லி வாய் வலித்துவிட்டதால் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கூகுள் என்னதான் மாற்றியது? 2015-லேயே ஏதோ பெரிய அமர்க்களம் நடந்ததாமே?

நடந்தது. 2014 நவம்பரில், போனில் தேடும்போது சில முடிவுகளுக்குப் பக்கத்தில் 'மொபைலுக்கு ஏற்றது' என்ற பொருளில் சின்னதாக ஒரு குறிப்பைக் கூகுள் போட ஆரம்பித்தது. அது முன்னறிவிப்பு. 2015 பிப்ரவரி 26 அன்று நேரடியாகவே சொல்லிவிட்டார்கள்: ஏப்ரல் 21 முதல், போனில் படிக்க வசதியான பக்கங்களுக்குப் போன் தேடலில் முன்னுரிமை உண்டு, எல்லா நாட்டிலும், எல்லா மொழியிலும். உலகமே அழியப்போகிறது என்ற கணக்கில் இதற்குத் துறைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'மொபைல்கெடன்'.

ஏப்ரல் 22 காலையில் எழுந்து பார்த்தால் வானம் அதே இடத்தில்தான் இருந்தது. அந்த விதி போன் தேடலுக்கு மட்டும். கம்ப்யூட்டரையும் டேப்லெட்டையும் தொடவில்லை. மதிப்பிட்டதும் மொத்தத் தளத்தை அல்ல, பக்கம் பக்கமாக. தேடியவர் கேட்டதற்குச் சரியான விடை ஒரு பக்கத்தில் இருந்தால், போனுக்கு ஒத்துவராத பக்கமானாலும் அது மேலே வரலாம் என்று கூகுளே சொல்லியிருந்தது. 2016 மே மாதம் அதே விதியை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்கள். ஆகஸ்டில், போன் தேடலில் வரும் பக்கங்களில் 85 சதவீதம் தேறிவிட்டன என்று சொல்லி அந்தக் குறிப்பையே எடுத்துவிட்டார்கள்.

அத்தோடு கதை முடிந்தது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். பெரிய மாற்றம் அதற்குப் பிறகுதான் வந்தது, சத்தமே இல்லாமல்.

அது என்ன மாற்றம்?

'மொபைல் ஃபர்ஸ்ட் இன்டெக்சிங்' என்பார்கள். ஒரு கடைக்கு இரண்டு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்வாசல் கம்ப்யூட்டர், பின்வாசல் போன். கூகுளின் கூகுள்பாட் என்ற நிரல் அதுவரை முன்வாசல் வழியாக வந்து சரக்கைக் கணக்கெடுத்தது. இப்போது பின்வாசல் வழியாக வருகிறது. பின்வாசலில் நின்று பார்த்தால் தெரிவதுதான் உங்கள் கடைச் சரக்கு. முன்பக்கம் எத்தனை அலமாரி இருந்தாலும் கணக்கில் ஏறாது.

2016 நவம்பரில் அறிவித்தார்கள். 2018 மார்ச்சில் தளங்களை இந்த முறைக்கு மாற்றத் தொடங்கினார்கள். 2019 ஜூலை 1 முதல் புதிதாக வரும் தளங்களுக்கு இதுதான் வழக்கம் என்றானது. மிச்சமிருப்பவை 2020 செப்டம்பருக்குள் என்றார்கள், பிறகு 2021 மார்ச் என்றார்கள். கடைசியில் வேலை முடிந்தது என்ற அறிவிப்பு 2023 அக்டோபர் 31 அன்று வந்தது. ஏழு வருஷம் ஆகியிருக்கிறது. அப்போதும் ஒட்டிக்கொண்டிருந்த சொற்பத் தளங்களை 2024 ஜூலை 5-க்குப் பிறகு போன் வேடத்தில் வரும் கூகுள்பாட்தான் படிக்கும், போனில் அறவே திறக்காத தளம் பட்டியலில் சேராது என்று அதற்கும் ஒரு முடிவு கட்டினார்கள்.

எங்கள் வாடிக்கையாளர்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடுகிறவர்கள். மெஷின் உதிரிபாகம் விற்கிறோம். எங்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். பலர் தவறவிடும் இடம் இதுதான். 2015 விதியை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் வாதம் சரி. ஆனால் இன்று கூகுளிடம் இருப்பது ஒரே ஒரு பட்டியல், அது போன் பக்கத்தைப் படித்துத் தயாரித்தது. கொள்முதல் அதிகாரி தன் மேசைக் கம்ப்யூட்டரில் தேடினாலும் அவருக்கு முடிவுகள் அந்தப் பட்டியலிலிருந்துதான் வருகின்றன. கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்பது வரி விவர அட்டவணை இருந்து, போன் பக்கத்தில் அதை எடுத்துவிட்டிருந்தால், அந்த நாற்பது வரியிலுள்ள எந்தச் சொல்லைத் தேடியும் உங்களை அவர் கண்டுபிடிக்க மாட்டார்.

எங்கள் தளம் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கூகுளின் பழைய சோதனைப் பக்கத்தைக் காணோமே?

முகவரியைப் போட்டால் 'தேறியது, தேறவில்லை' என்று சொல்லும் அந்தப் பக்கத்தையும், தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் இருந்த மொபைல் பயன்பாட்டு அறிக்கையையும் 2023 டிசம்பரில் மூடிவிட்டார்கள். சோதனை போனது, விதி போகவில்லை.

இப்போது நான் செய்வது இது. முதலில் உள்ளதிலேயே மலிவான ஆண்ட்ராய்டு போன் ஒன்றில், வைஃபையை அணைத்துவிட்டு, தளத்தைத் திறப்பேன். ஒரே கையில் பிடித்து, கட்டைவிரலால் மட்டும் மூன்று காரியம் செய்து பார்ப்பேன்: ஒரு பொருளின் விலையைக் கண்டுபிடிப்பது, கடைக்குப் போன் செய்வது, முகவரியை நகலெடுப்பது. எங்கே தடுமாறுகிறேனோ அங்கே உங்கள் வாடிக்கையாளரும் தடுமாறுவார். உரிமையாளர்கள் தங்கள் தளத்தைப் பெரும்பாலும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலோ, அறுபதாயிரம் ரூபாய்ப் போனிலோதான் பார்க்கிறார்கள். அதில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

அடுத்து சர்ச் கன்சோல். உங்கள் தளத்தின் உரிமையை அதில் உறுதி செய்திருக்க வேண்டும், இலவசம்தான். மேலேயுள்ள பெட்டியில் ஒரு பக்கத்தின் முகவரியை ஒட்டி, நேரடிச் சோதனை கொடுத்தால், கூகுள்பாட் கண்ணுக்கு அந்தப் பக்கம் எப்படித் தெரிகிறது என்று ஒரு படம் வரும். அதில் பாதிப் பக்கம் வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும், பக்கத்தின் தோற்றத்தையும் இயக்கத்தையும் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை யாரோ தடுத்து வைத்திருக்கிறார்கள். கூகுள்பாட் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று சொல்லும் பழைய ரோபாட்ஸ் கோப்பில் அந்த ஃபோல்டர்களைத் தடை செய்யும் வரிகள் இன்னும் பல தளங்களில் தூங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தடுக்காதீர்கள் என்று கூகுள் 2014-லேயே சொல்லிவிட்டது.

போன் கைவசம் இல்லையென்றால் குரோமில் எஃப் 12 அழுத்தி, கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரை போன் அளவுக்குச் சுருங்கும். அதே இடத்தில், பக்கத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் லைட்ஹவுஸ் என்ற சோதனையும் உண்டு. இருந்தாலும் கையில் பிடித்த போனுக்கு ஈடாகாது.

போனில் முழுப் பக்கமும் தெரிகிறது, எழுத்துதான் எறும்பு மாதிரி இருக்கிறது. ஏன்?

பக்கத்தின் தலைப்பகுதியில் 'வியூபோர்ட்' என்ற மெட்டா குறி இல்லை. அது இல்லாத பக்கத்தைப் பழைய கம்ப்யூட்டர் பக்கம் என்று போன் எடுத்துக்கொள்கிறது. சுமார் 980 பிக்சல் அகலமுள்ள தாளாகப் பாவித்து, அந்தத் தாளை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிக் காட்டுகிறது. 'பக்கத்தின் அகலம் என்பது இந்தக் கருவியின் அகலம்' என்று சொல்லும் ஒரே ஒரு வரி அதைச் சரிசெய்யும்.

ஆனால் அந்த வரியைச் சேர்த்த கையோடு வேறொரு பூதம் கிளம்பும். 960 பிக்சல் என்று கறாராக அகலம் கொடுத்துச் செய்த பக்கமென்றால் வலப்பக்கம் திரைக்கு வெளியே வழியும். படிக்க விரலால் இடமும் வலமும் தள்ள வேண்டும். பிக்சலில் கொடுத்த அகலங்களைச் சதவீதமாக மாற்றுவதும், படங்கள் திரையைத் தாண்டாமல் அதிகபட்ச அகலம் 100 சதவீதம் என்று கட்டிப்போடுவதும், குறுகிய திரையில் இரண்டு பத்திகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவதும் சேர்ந்ததுதான் 'ரெஸ்பான்சிவ்' வடிவமைப்பு. கூகுள் பரிந்துரைப்பதும் இதைத்தான்: ஒரே முகவரி, ஒரே எச்டிஎம்எல் (பக்கத்தின் மூல நிரல்), திரைக்கேற்ற தோற்றம்.

'எம்' என்று தொடங்கும் தனி மொபைல் தளம் வைத்திருக்கிறோம். தொடரலாமா?

தொடரலாம், தண்டனை ஒன்றும் கிடையாது. ஆனால் இரண்டு வீட்டுக்கு வாடகை கொடுக்கிற கதை. பெரிய தளத்தில் விலையை மாற்றினால் சின்னத் தளத்தில் மாற்ற மறப்பார்கள். கம்ப்யூட்டர் பக்கத்தின் உள்பக்க முகவரியைப் போனில் தொட்டால், அதற்கு இணையான மொபைல் பக்கத்துக்குப் போகாமல் மொபைல் முகப்புக்குக் கொண்டுபோய் விடும் தளங்களை இன்றும் பார்க்கிறேன். புடவையைக் கேட்டவரை வாசலுக்குக் கூட்டிவந்து விடுவது போல. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஜோடிப் பக்கம், ஜோடிகளை ஒன்றுக்கொன்று காட்டும் குறிகள், இரண்டிலும் ஒரே தலைப்பு, ஒரே விவரணை, ஒரே ஸ்ட்ரக்சர்டு டேட்டா (பக்கத்தின் விவரங்களைக் கூகுளுக்குப் புரியும் வடிவில் தரும் குறிப்பு), இத்தனையும் பராமரிக்க ஆள் இருந்தால் தொடருங்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

போனில் இடம் போதாது என்று சில பகுதிகளை மறைத்திருக்கிறோம். தவறா?

எப்படி மறைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. தொட்டால் விரியும் மடிப்புக்குள் வைத்திருந்தால் கவலையில்லை. கம்ப்யூட்டர் காலத்தில் அப்படி மறைந்த எழுத்துக்கு மதிப்புக் குறைவு என்ற பேச்சு இருந்தது. போன் பக்கத்தில் இடத்துக்காக மடித்து வைத்ததற்கு முழு மதிப்பு உண்டு என்று கூகுள் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் தொட்ட பிறகுதான் சர்வரிலிருந்து வரும் என்றால் சிக்கல். கூகுள்பாட் எதையும் தொடாது, நம்மைப் போல ஸ்க்ரோல் செய்யவும் செய்யாது. 'மேலும் படிக்க' பொத்தானுக்குப் பின்னால் சர்வரில் காத்திருக்கும் பத்தி அதற்கு இல்லாத பத்திதான்.

போனில் படத்தை மட்டும் வைத்துவிட்டு, படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்று எழுத்தை விட்டுவிடுவது இன்னொரு வழக்கமான கோளாறு. கம்ப்யூட்டர் பக்கத்தில் என்ன மாற்று எழுத்தோ அதே போனிலும் இருக்கட்டும்.

பிளாகரில் பத்து வருஷமாக எழுதுகிறேன். என் பக்கவாட்டுப் பட்டை போனில் வருவதே இல்லை. பரவாயில்லையா?

தமிழில் பாதி நல்ல எழுத்து இன்னும் பிளாகரில்தான் கிடக்கிறது என்பது என் எண்ணம், அதனால் இந்தக் கேள்வியை மதிக்கிறேன். போனில் திறந்தால் முகவரியின் வாலில் 'எம் = 1' என்று ஒட்டிக்கொண்டு ஒரு எளிய மொபைல் வடிவம் வரும். தீம் என்ற தோற்ற அமைப்பு பழையதாக இருந்தால் அந்த வடிவம் பக்கவாட்டுப் பெட்டிகளைப் பெரும்பாலும் காட்டாது. உங்கள் பழைய பதிவுகளின் பட்டியல், குறிச்சொற்கள், தொடர்கட்டுரைகளுக்கான இணைப்புகள் எல்லாம் அந்தப் பட்டையில் மட்டுமே இருந்தால், பழைய பதிவுகளுக்குப் போகும் வழிகளைக் கூகுள்பாட்டும் பார்ப்பதில்லை.

இரண்டு வழி. பழைய தீமுக்குப் பதிலாக இன்றைய ரெஸ்பான்சிவ் தீம் ஒன்றைப் போடுவது. பிளாகரே தருகிறது, காசு கிடையாது. மாற்றும் முன் பழைய தீமைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அல்லது பதிவுகளுக்குள்ளேயே 'இதன் முந்தைய பகுதி', 'இதையொட்டிய பதிவு' என்று கைப்பட இணைப்புக் கொடுப்பது. நான் இரண்டையும் செய்யச் சொல்வேன்.

தமிழ்ப் பக்கங்களுக்கென்று தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

நிறைய. ஆங்கிலத்தில் வரும் ஆலோசனைகளில் இவை இருக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பழைய எழுத்துரு. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்டு ஏற்றிய பக்கங்களில் உள்ளே இருப்பது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் மட்டும் தமிழாகத் தெரியும். போனில் அது இருக்காது. கூகுள் கண்ணுக்கும் அது அர்த்தமில்லாத ஆங்கிலக் குப்பைதான். இலங்கை, புலம்பெயர் அமைப்புகளின் பழைய தளங்களில் அருமையான ஆவணங்கள் இப்படிக் கிடக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் மெய்ப்பு மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற எந்தத் திருத்தத்துக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

அடுத்து, எழுத்தைப் படமாகப் போடும் பழக்கம். அழைப்பிதழ், விலைப்பட்டியல், ஓட்டல் மெனு எல்லாவற்றையும் போட்டோஷாப்பில் செய்து படமாக ஏற்றிவிடுகிறார்கள். போனில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அதைத் தேடி யாரும் வரவும் முடியாது. படம் அழகுக்கு இருக்கட்டும், கீழே அதே விவரத்தை எழுத்தாகவும் போடுங்கள். பிடிஎஃப்பாக மட்டும் வைத்திருக்கும் விலைப்பட்டியலுக்கும் இதே மருந்து.

மூன்றாவது, எழுத்தின் அளவும் வரி இடைவெளியும். ஆங்கிலத்துக்குச் செய்த தீமில் 14 பிக்சல் எழுத்து கண்ணுக்கு இதமாக இருக்கும். அதே அளவில் தமிழை வைத்தால் 'ண', 'ன' வித்தியாசம் தெரியக் கண்ணைச் சுருக்க வேண்டும். நான் 17, 18-க்குக் கீழே இறங்குவதில்லை. வரி இடைவெளி 1.4 என்று தீம்காரர் வைத்திருப்பார். மேல் வரியின் 'மூ', 'நூ' வால்கள் கீழ் வரியின் புள்ளிகளோடு மோதிக்கொள்ளும். 1.7 வைத்துப் பாருங்கள், பக்கம் மூச்சுவிடும்.

நான்காவது, நம் சொற்களின் நீளம். 'பயன்படுத்திக்கொள்ளவேண்டியிருந்தது' என்பது ஒரே சொல். தலைப்பில் பெரிய எழுத்தில் வைத்தால் 360 பிக்சல் திரையில் அடங்காது. வலப்பக்கம் வழிந்து மொத்தப் பக்கத்தையும் ஆட வைக்கும். நீளச் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளும் சிஎஸ்எஸ் விதி ஒன்று உண்டு, அதைப் போடச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, தலைப்புகளில் சொற்களைப் பிரித்து எழுதுவது. இருபக்கமும் ஓரம் சமமாக வரும்படி வைப்பதைப் போனில் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வரிக்கு மூன்று சொல் மட்டும் கொள்ளும் இடத்தில் அப்படி இழுத்தால், நடுவில் பல் விழுந்த மாதிரி இடைவெளி விழும்.

ஐந்தாவது, வெப் எழுத்துரு. அழகான தமிழ் எழுத்துரு ஒன்றை நான்கு தடிமனில் ஏற்றி வைத்தால், அது வந்து சேரும்வரை வாசகர் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்றைய போன்களிலேயே நல்ல தமிழ் எழுத்துரு இருக்கிறது. உடல் எழுத்துக்கு அதையே விட்டுவிட்டு, தலைப்புக்கு மட்டும் ஒன்றை ஏற்றுங்கள்.

தமிழ் எழுத்துக்குறி ஒன்றுக்கு யூனிகோடில் 3 பைட், ஆங்கிலத்துக்கு 1 பைட், அதனால்தான் தமிழ்ப் பக்கம் மெதுவாக வருகிறது என்று ஒரு டெவலப்பர் என்னிடம் வாதாடினார். கணக்கு சரி, முடிவு தவறு. ஒரு நீளக் கட்டுரையின் எழுத்து முழுவதும் சேர்ந்தாலும் அதன் தலையில் அவர் வைத்திருந்த ஒற்றைப் போட்டோவின் எடை வராது.

வேகமும் ரேங்க்கில் சேர்த்தியா? எவ்வளவு வேகம் வேண்டும்?

2018 ஜூலையில் போன் தேடலுக்கு வேகத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். அப்போது அடி வாங்கியது மிக மிக மெதுவான பக்கங்கள் மட்டும். 2021 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 'கோர் வெப் வைட்டல்ஸ்' என்ற மூன்று அளவுகோல்களைப் போன் தேடலில் கொண்டுவந்தார்கள். கம்ப்யூட்டர் தேடலுக்கு 2022 தொடக்கத்தில்.

பெயர்களை விட்டுவிட்டுப் பொருளைச் சொல்கிறேன். திரையில் பெரிதாகத் தெரியும் படமோ பத்தியோ 2.5 விநாடிக்குள் வந்துவிட வேண்டும். தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் பக்கம் அசைந்து கொடுக்க வேண்டும். இந்த அளவுகோல் 2024 மார்ச்சில் பழையதொன்றுக்குப் பதிலாக வந்தது. படித்துக்கொண்டிருக்கும்போது பக்கம் துள்ளக் கூடாது, அதற்கான மதிப்பெண் 0.1-க்குள் இருக்க வேண்டும். வந்து போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்காவது இது கிடைத்தால் பாஸ்.

துள்ளல்தான் எனக்கு ஆகவே ஆகாது. 'ரத்து செய்' என்பதைத் தொடப் போகும் நேரத்தில் மேலே ஒரு விளம்பரம் வந்து உட்கார்ந்து, விரல் 'உறுதி செய்' மீது விழும். படங்களுக்கு அகலமும் உயரமும் எழுதி வைத்தால், விளம்பரத்துக்கு முன்கூட்டியே இடம் விட்டு வைத்தால், பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வேகத்துக்கு முதல் எதிரி படங்கள். போட்டோகிராபர் கொடுத்த 6 எம்பி படத்தை அப்படியே ஏற்றிவிட்டு, 'ஹோஸ்டிங் சரியில்லை' என்பார்கள். போன் திரைக்கேற்ற அளவுக்குச் சுருக்கி, வெப்பி என்ற எடை குறைந்த பட வடிவில் ஏற்றுங்கள். கீழேயுள்ள படங்கள் தாமதமாக வரட்டும். முதல் திரையில் தெரியும் பெரிய படத்தை மட்டும் அப்படித் தாமதப்படுத்தாதீர்கள், அது அளவுகோலில் உங்களையே குத்தும். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் தளம் நடத்துகிறவர்கள் பிளக்இன் என்ற துணைநிரல்களின் பட்டியலைத் திறந்து, 'இது எதற்கு' என்று நினைவில்லாதவற்றை எடுத்துவிட்டாலே பாதி பாரம் குறையும்.

லைட்ஹவுஸில் 100 வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் விலை சொல்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். அந்த மதிப்பெண் ஒரு கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த ஒத்திகை. கூகுள் பார்ப்பது உண்மையான குரோம் பயனர்களின் அனுபவத்தை, கடந்த 28 நாள் கணக்கை. கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற வேகச் சோதனைப் பக்கத்தில் மேலே வருவது அந்த உண்மைக் கணக்கு, கீழே வரும் வண்ண வட்டங்கள் ஒத்திகை. தளத்துக்கு வருகிறவர்கள் குறைவென்றால் மேல் பகுதி காலியாக இருக்கும், பயப்பட வேண்டாம். 60-லிருந்து 85-க்குக் கொண்டுவருவதில் பலன் தெரியும். 95-லிருந்து 100-க்கு ஆகும் காசில் நல்ல பொருள் படங்கள் எடுக்கலாம்.

திறந்ததும் 'எங்கள் வாட்ஸ்அப்பில் இணையுங்கள்' என்று பெட்டி வருகிறது. அதனால் பாதிப்பா?

தேடலிலிருந்து வந்தவுடன் திரையை மூடும் பெட்டி என்றால் ஆம், 2017 ஜனவரி 10 முதல். அதற்கு முன்பே, 2015 நவம்பரில், 'எங்கள் ஆப்பை இறக்குங்கள்' என்று முழுத் திரையை மறைத்த பக்கங்கள் மொபைலுக்கு ஏற்றவை அல்ல என்றாகிவிட்டது. சட்டப்படி கேட்க வேண்டிய அனுமதி, வயது உறுதி, உள்நுழைவுப் பெட்டி இவற்றுக்கு விலக்கு உண்டு. வாட்ஸ்அப் அழைப்பைத் திரையின் அடியில் ஒரு சின்னப் பட்டையாக வையுங்கள், மூடும் குறி விரலுக்கு எட்டும் அளவில் இருக்கட்டும். பொத்தான்களுக்கு 48 பிக்சல் உயரம் என்பது நல்ல அளவு.

ஏஎம்பி போடச் சொன்னார்களே?

போனில் சட்டென்று திறக்கும்படி கூகுள் கொண்டுவந்த எளிய பக்க வடிவம் அது. 2016-ல் கேட்டிருந்தால் செய்திப் பத்திரிகைகளுக்குப் போடச் சொல்லியிருப்பேன். முதன்மைச் செய்திகள் வரிசையில் வர அப்போது அது கட்டாயம். 2021-ல் அந்தக் கட்டாயம் போய்விட்டது. இப்போது வேண்டாம்.

ஆப் இருக்கிறதே, தளம் எதற்கு?

புதிதாகத் தேடி வருகிறவர் போனில் உங்கள் ஆப் இருக்காது.

பழைய தளத்துக்கு ஒட்டுப் போடலாமா, புதிதாகவே கட்டிவிடலாமா?

வேர்ட்பிரஸ் மாதிரி ஏதாவதொன்றில் ஓடினால் பெரும்பாலும் தீம் மாற்றினால் போதும். 2005 பாணியில் டேபிள் கட்டங்களால் அடுக்கியது, ஃபிளாஷ் அசைவுகள் கொண்டது என்றால் புதிதாகக் கட்டுங்கள். ஃபிளாஷ் 2020 முடிவோடு செத்தே போயிற்று. இரண்டுக்கும் நடுவில் இருந்தால், சர்ச் கன்சோலில் அதிகம் பேர் வரும் பத்துப் பக்கங்களைப் பார்த்து, அவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். எதைச் செய்தாலும் பக்க முகவரிகளை மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் ஒவ்வொரு பழைய முகவரிக்கும் அதற்குரிய புது முகவரிக்கு 301 ரீடைரக்ட் என்ற நிரந்தரத் திருப்பலைப் போடுங்கள்.

போனுக்கு ஏற்றபடி மாற்றியபின் இருந்த இடமும் போய்விட்டது. எப்படி?

இதில் என் சொந்தக் கதை ஒன்று உண்டு. ஒரு மண்டபத்தின் தளத்தைப் புதுப்பித்தேன். வேலை நடக்கும்போது யாரும் பார்க்க வேண்டாமென்று, வேர்ட்பிரஸ் அமைப்புகளில் 'தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தேன். வேலை முடிந்து, தளத்தை ஏற்றி, காசும் வாங்கியாயிற்று. டிக்கை எடுக்க மறந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து உரிமையாளர் கூப்பிட்டார். "தம்பி, தளம் அம்சமா இருக்கு. ஆனா முகூர்த்த மாசத்துல ஒரு போன்கூட வரலியே." என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதிலிருந்து ஏற்றிய அன்றே முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

அது இல்லையென்றால் சர்ச் கன்சோலின் செயல்திறன் பகுதிக்குப் போய், போனையும் கம்ப்யூட்டரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பதினாறு மாதக் கணக்கு இருக்கும். இரண்டும் ஒரே நாளில் விழுந்திருந்தால் தளமே எட்டவில்லை, அல்லது முகவரிகள் மாறிவிட்டன. போன் மட்டும் மெல்லச் சரிந்தால் போனில் ஏதோ படிக்க முடியவில்லை. இரண்டும் மெல்லச் சரிந்தால் புது வடிவில் உள்ளடக்கத்தை வெட்டிவிட்டீர்களா என்று பாருங்கள். டிசைனர்களுக்கு வெற்றிடம் பிடிக்கும். நீங்கள் பத்து வருஷமாகச் சேர்த்த பத்திகளை 'அழகாக' எடுத்துவிட்டிருப்பார்கள். இது எதுவுமே இல்லையென்றால், அந்தத் தேதியை ஒட்டி கூகுளின் பொதுவான தரவரிசை மாற்றம் ஏதும் நடந்ததா என்று அவர்களுடைய நிலவரப் பலகையில் பாருங்கள். அதற்கும் போனுக்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம்.

எல்லாம் சரிசெய்தால் எத்தனை நாளில் மேலே வரும்?

நாள் குறிக்க முடியாது. கூகுள்பாட் ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி வந்து படித்தால்தான் அந்தப் பக்கத்தின் மாற்றம் ஏறும். முக்கியமான பக்கங்களுக்குச் சர்ச் கன்சோலில் பட்டியலிடக் கோரலாம். வேகக் கணக்கு 28 நாள் சராசரி என்பதால் இன்று செய்த திருத்தம் முழுசாகத் தெரிய ஒரு மாதம் ஆகும். ஒன்றை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்: போனுக்கு ஏற்றபடி மாற்றியதாலேயே, உங்களைவிட நன்றாக எழுதி வைத்திருக்கும் போட்டிக்காரரைத் தாண்டிவிட முடியாது. தடைக்கல்லை எடுத்துவிட்டீர்கள், இனி ஓடவேண்டியது பாக்கி.

"கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் தளம் மொபைல் சோதனையில் தோற்றுவிட்டது, இன்றைக்குள் பணம் கட்டாவிட்டால் நீக்கிவிடுவோம்" என்று போன் வந்தது. உண்மையா?

இல்லை. தேடலில் சேர்க்கவோ நீக்காமலிருக்கவோ கூகுள் யாரிடமும் பணம் வாங்குவதில்லை. உங்கள் தளத்தில் உண்மையிலேயே ஏதாவது பிரச்சினை என்றால் அந்தச் செய்தி சர்ச் கன்சோலில், உங்கள் கணக்குக்குள் வந்து உட்காரும். முதலிடம் உறுதி என்பவரையும் நம்பாதீர்கள், அதை உறுதி தர யாராலும் முடியாது. அவர்களிடம் சர்ச் கன்சோல் கணக்கின் உரிமையையோ ஹோஸ்டிங் கடவுச்சொல்லையோ மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், இதைப் படித்து முடித்த கையோடு கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, சர்ச் கன்சோல் அமைப்புகளில் பயனர்கள் பட்டியலைத் திறந்து, தெரியாத மின்னஞ்சல் எதுவும் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.